அரைகுறையாகத் தெரிந்தவர்களைத் தேடுங்கள்: சிங்கப்பூரில் இணையவழித் தொழில் தொடர்புகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தமிழர் ஒருவரின் கைப்பேசியில் குடும்பக் குழு, ஊர்க்காரர் குழு, கல்லூரி நண்பர்கள் குழு, கோயில் தொண்டூழியர் குழு என்று வாட்ஸ்அப் நிரம்பி வழியும். லிங்க்ட்இன்னில் சில நூறு பேர் இருப்பார்கள். ஆனால் வேலை மாறலாம் என்று தோன்றும் நாளில் யாரிடம் கேட்பது என்று யோசித்தால் நினைவுக்கு வருவது அதே நாலு பேர். அந்த நாலு பேருக்கும் நமக்குத் தெரிந்த அதே காலியிடங்கள்தான் தெரியும். அப்புறம் என்ன செய்கிறோம்? முன்பின் தெரியாத மேலாளர்கள் ஐம்பது பேருக்கு ஒரே செய்தியை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. பழைய நிறுவனத்தில் பக்கத்துப் பிரிவில் இருந்தவர், இரண்டு நாள் பாதுகாப்புப் பயிற்சியில் ஒரே மேசையில் உட்கார்ந்தவர், ஒரு வருடம் மின்னஞ்சலில் மட்டுமே பேசிப் பழகிய சப்ளையர், பிள்ளையின் பாலர் பள்ளி வாசலில் சந்திக்கும் இன்னொரு பிள்ளையின் அப்பா. எல்லாரும் அரைகுறையாகத் தெரிந்தவர்கள். புதிய செய்தி பெரும்பாலும் இவர்கள் வழியாகத்தான் வருகிறது. நெருங்கியவர்கள் நம் வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறார்கள், சற்றுத் தள்ளி இருப்பவர்களே வேறு வட்டத்துச் செய்தியைக் கொண்டுவருகிறார்கள் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இலேயே எழுதினார். 2022இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வந்த ஒரு கட்டுரை, லிங்க்ட்இன் பயனாளர்கள் சுமார் 2 கோடிப் பேரின் 5 ஆண்டுத் தரவை வைத்து இதைச் சோதித்தது. வேலை மாற அதிகம் கைகொடுத்தவர்கள் உயிர் நண்பர்களும் இல்லை, அறவே தெரியாதவர்களும் இல்லை. ஓரளவு தெரிந்தவர்கள்தான் என்று அது கண்டது.

சிங்கப்பூர் போன்ற சின்ன ஊரில் இந்த நடுக் கூட்டம் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. இரண்டு எம்ஆர்டி ரயில் நிறுத்தம் தள்ளி உட்கார்ந்திருப்பவரிடம் மூன்று வருடமாகப் பேசாமல் இருப்போம், அவ்வளவுதான். கீழே வரும் படிகள் எல்லாமே அவர்களை மறுபடி எட்டுவதற்கும், விட்டுப்போகாமல் வைத்துக்கொள்வதற்கும்தான்.

படி 1: முதலில் பட்டியல்

லிங்க்ட்இன் அமைப்புகளில் தரவுத் தனியுரிமைப் பகுதிக்குப் போனால் உங்கள் தரவின் நகலைக் கேட்டு வாங்கலாம். ‘கனெக்‌ஷன்ஸ்’ மட்டும் கேளுங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு கோப்பு வரும். பெயர், நிறுவனம், பதவி, எந்தத் தேதியில் இணைந்தீர்கள் என்பது வரை இருக்கும். கூகிள் ஷீட்டில் அதைத் திறந்து நிறுவன வாரியாக அடுக்கிப் பாருங்கள். ‘இவர் இப்போது இங்கேயா இருக்கிறார்!’ என்று பல இடங்களில் தோன்றும்.

அதில் முப்பது பேரைத் தேர்ந்தெடுங்கள். பதவி பெரிதா என்று பார்க்க வேண்டாம். உங்கள் பெயரைச் சொன்னால் அவருக்கு உங்கள் முகம் நினைவுக்கு வருமா என்று மட்டும் பாருங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே மூன்று கட்டங்கள் போதும்: எங்கே பழக்கம், கடைசியாக என்ன பேசினோம், அடுத்து எப்போது எழுதலாம். இதற்கென்று விலை கொடுத்து வாங்கும் செயலிகள் இருக்கின்றன. முப்பது பேருக்கு அதெல்லாம் அதிகம்.

படி 2: பெயரும் முதல் வரியும்

செய்தி அனுப்பினால் எதிரே இருப்பவர் முதலில் செய்வது உங்கள் பக்கத்தைத் திறந்து பார்ப்பது. ஆகவே அதைச் சரிசெய்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

பெயரிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் தமிழர்களுக்கு இது தனிச் சிக்கல். இங்கே பிறந்தவர்கள் பலரின் அடையாள அட்டையில் ‘எஸ்/ஓ’ (இன்னாரின் மகன்), ‘டி/ஓ’ (இன்னாரின் மகள்) என்ற குறியோடு அப்பா பெயர் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போய் உட்கார்ந்திருக்கும். அலுவலக மின்னஞ்சல் கணக்கை உருவாக்கும் ஐடி பிரிவு அதை அப்படியே எடுத்துக்கொள்ள, சக ஊழியர்கள் உங்களை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். லிங்க்ட்இன்னில் முதல் பெயர்க் கட்டத்தில் நீங்கள் அழைக்கப்படும் பெயரை முழுதாகப் போடுங்கள். அப்பா பெயர் கடைசிப் பெயர்க் கட்டத்துக்குப் போகட்டும். மின்னஞ்சல் கையெழுத்து, ஸூம், தன்விவரக் குறிப்பு எல்லாவற்றிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்க வேண்டும். ஓரிடத்தில் ஒரு ‘எச்’ கூடினாலும் தேடுபவருக்கு நீங்கள் கிடைக்க மாட்டீர்கள். பெயரை எப்படி உச்சரிப்பது என்று 10 விநாடிக் குரல்பதிவு சேர்க்கும் வசதி லிங்க்ட்இன் கைப்பேசிச் செயலியில் உண்டு. ‘ழ’, ‘ஞ’ உள்ள பெயர்க்காரர்கள் தயங்காமல் பயன்படுத்தலாம். சந்திப்பில் உங்கள் பெயரை எப்படிச் சொல்வது என்று சீன, மலாய்ச் சகாக்கள் சங்கடப்படாமல் இருப்பார்கள்.

பெயருக்குக் கீழே வரும் ஹெட்லைனுக்கு 220 எழுத்து இடம் உண்டு. ஆனால் தேடல் முடிவிலும் செய்திப் பெட்டியிலும் முதல் சில சொற்கள்தான் தெரியும். ‘கடின உழைப்பாளி, குழு மனப்பான்மை உள்ளவர்’ என்று அந்த இடத்தை வீணாக்காதீர்கள். என்ன வேலை, எந்தத் துறை, எந்தக் கருவி என்பவைதான் அங்கே வர வேண்டும்: ‘பிராசஸ் சேஃப்டி இன்ஜினியர், பெட்ரோகெமிக்கல், ஹாஸோப் (ஆலை அபாய ஆய்வு) நடத்துபவர்.’ அவ்வளவுதான். படம் தெளிவாக, முகம் பெரிதாக இருக்கட்டும். கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது என்றால் பக்கத்தில் இருப்பவரின் தோள் தெரியும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய முதலாளிக்குத் தெரியாமல் வேலை தேடுபவர்கள், வேலை மாறத் தயார் என்று காட்டும் ‘ஓப்பன் டு வொர்க்’ வசதியைப் படத்தைச் சுற்றிப் பச்சை வளையமாகக் காட்டாமல், ஆள்சேர்ப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைக்கலாம். உங்கள் சொந்த நிறுவனத்தின் ஆள்சேர்ப்பாளர்களுக்குக் காட்டாமல் இருக்க லிங்க்ட்இன் முயலும், ஆனால் முழு உத்தரவாதம் தராது. துறையே சின்னது என்றால் இதை நம்பாமல் ஆள் வழியாகவே போங்கள்.

படி 3: மூன்று வருட மௌனத்தைக் கலைப்பது

எல்லாரும் தயங்குவது இங்கேதான். ‘இவ்வளவு நாள் பேசாமல் இருந்துவிட்டு, வேலை வேண்டும் என்றதும் வந்து நிற்கிறானே என்று நினைப்பாரோ?’ நினைப்பார்தான், முதல் செய்தியிலேயே வேலை கேட்டால். அதனால் முதல் செய்தியில் கேட்காதீர்கள்.

முதல் செய்தியில் மூன்று விஷயம் போதும்: எங்கே பழக்கம் என்பதை நினைவூட்டும் ஒரு வரி, அவரைப் பற்றி நீங்கள் உண்மையாகவே கவனித்த ஒன்று, பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அவருக்குச் சுமையில்லாத ஒரு முடிவு. பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். பொருள் இப்படி இருக்கட்டும்:

‘வணக்கம். 2021இல் துவாஸ் தளத்தில் ஷட்டவுன் வேலையின்போது பெர்மிட் அலுவலகத்தில் சந்தித்திருக்கிறோம். நீங்கள் இப்போது பராமரிப்புப் பக்கத்திலிருந்து தரவுப் பகுப்பாய்வுக்கு மாறியிருப்பதைப் பார்த்தேன். எங்கள் பக்கமும் அதைப் பற்றிப் பேச்சு ஓடுகிறது. புது வேலை நன்றாகப் போகும் என்று நம்புகிறேன்.’

இதில் கேள்வியே இல்லை. நிறையப் பேர் பதில் எழுதிவிடுவார்கள், ஏனென்றால் தன்னை யாரோ கவனித்திருக்கிறார் என்பது யாருக்கும் பிடிக்கும். பதில் வந்த பிறகு, இரண்டாவது மூன்றாவது செய்தியில் ஒரு சின்னக் கேள்வி கேட்கலாம்: ‘அந்த மாற்றத்துக்கு எந்தப் பயிற்சி உங்களுக்கு உண்மையில் உதவியது?’ ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும். ‘எனக்கு வழிகாட்டுங்கள்’ என்பது கேள்வியே இல்லை. அதற்கு எங்கிருந்து பதில் எழுத ஆரம்பிப்பது என்று அவருக்கே தெரியாது.

எப்படி அழைப்பது என்பதும் இங்கே வரும். சிங்கப்பூர் அலுவலகங்களில் இயக்குநரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் வரிக்கு வரி ‘சார்’ போடும்போது, மரியாதை தெரிவதைவிடத் தூரம்தான் அதிகம் தெரிகிறது. தமிழர் ஒருவருக்கு முதல்முறை எழுதும்போதும் ஆங்கிலத்தில் பெயரிட்டு எழுதுங்கள். அவர் தமிழுக்கு மாறினால் நீங்களும் மாறுங்கள். வயதில் மூத்தவர் என்று தெரிந்த பிறகு அண்ணே, அக்கா தானாக வரும். முதல் செய்தியிலேயே ‘ப்ரோ’ வேண்டாம். இதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு.

மற்ற இனத்தவர் பெயர்களிலும் கவனம் தேவை. சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். டான் வெய் மிங் என்றால் அவர் மிஸ்டர் டான். நெருக்கமாக அழைப்பது வெய் மிங். கூடவே ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். மலாய்ப் பெயரில் ‘பின்’, ‘பிந்தே’வுக்குப் பின்னால் வருவது அப்பா பெயர், நமக்கு இருப்பது போலவே. அகமது பின் இஸ்மாயில் என்பவரை மிஸ்டர் இஸ்மாயில் என்றால் அவருடைய அப்பாவை அழைக்கிறீர்கள். நமக்கு நடந்தால் எரிச்சல் வருகிறதல்லவா?

எப்போது எழுதுவது? பல நிறுவனங்களில் டிசம்பரில் 13ஆவது மாதச் சம்பளம் (ஒரு மாதக் கூடுதல் சம்பளம்), அடுத்த ஆண்டின் தொடக்க மாதங்களில் போனஸ். அது கைக்கு வந்த பிறகு ஆட்கள் மாறுவார்கள், இடங்கள் காலியாகும். அந்த அலை எழும்போது எழுத ஆரம்பித்தால் தாமதம். தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே பேச்சைத் தொடங்கிவிடுவது நல்லது. சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் வாழ்த்து அனுப்புங்கள். ஆனால் எல்லாருக்கும் ஒரே படத்தைத் தள்ளிவிடாமல், ஒரு வரி தனியாக எழுதி அனுப்புங்கள்.

படி 4: தெரியாதவரைத் தெரிந்தவர் வழியாக அடைவது

அரசாங்க வேலைவாய்ப்புத் தளமான மைகரியர்ஸ்ஃபியூச்சரை வேலைக்கு விண்ணப்பிக்கும் இடமாக மட்டும் பார்க்கிறோம். யார் ஆள் எடுக்கிறார்கள் என்பதைக் காட்டும் தகவல் பலகையாகவும் அதைப் படிக்கலாம். வெளிநாட்டு நிபுணருக்கான வேலை அனுமதியான எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்கு விண்ணப்பிக்கும் முன் நிறுவனங்கள் அந்த இடத்தை அங்கே விளம்பரம் செய்ய வேண்டும் என்பது மனிதவள அமைச்சின் நியாயமான பரிசீலனைக் கட்டமைப்பின் விதி. விளம்பரக் காலம் 28 நாளாக இருந்து, 2023 செப்டம்பரில் குறைந்தது 14 நாள் என்றானது. 10 பேருக்கும் குறைவான நிறுவனங்களுக்கும், மாதச் சம்பளம் 22,500 வெள்ளியோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கும் விலக்கு உண்டு. விளம்பரத்தில் சம்பள வரம்பும் இருக்கும். எவ்வளவு கேட்கலாம் என்ற தலைவலியில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

இதை இப்படிப் பயன்படுத்துங்கள். விளம்பரம் வந்த முதல் வாரத்திலேயே அந்த நிறுவனத்தை லிங்க்ட்இன்னில் தேடி, ஊழியர் பட்டியலில் ‘இரண்டாம் நிலை’ என்று காட்டும் ஆட்களைப் பாருங்கள். அவருக்கும் உங்களுக்கும் பொதுவானவர் யார் என்று அங்கேயே தெரியும். அந்தப் பொதுவானவர் உங்கள் முப்பதில் ஒருவராக இருந்தால் வழி திறந்துவிட்டது. அறிமுகம் கேட்கும்போது அவர் அப்படியே முன்னனுப்பும்படி ஒரு பத்தியை நீங்களே எழுதிக் கொடுங்கள்: நீங்கள் யார், எந்த இடத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள், ஏன் பொருத்தம், 15 நிமிடம் பேச முடியுமா. உங்கள் நண்பருக்கு யோசிக்கும் வேலை இருக்கக் கூடாது. ‘அவரிடம் என்னைப் பற்றிச் சொல்லுங்களேன்’ என்று மட்டும் விட்டால், நல்ல மனது இருந்தாலும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போகும்.

கேட்பதற்குக் கூச்சப்படுபவர்களுக்கு ஒரு தகவல். பல நிறுவனங்களில், ஊழியர் பரிந்துரைத்த ஆள் வேலையில் சேர்ந்து தகுதிகாண் காலத்தைத் தாண்டினால் அந்த ஊழியருக்கு ஊக்கத்தொகை கிடைக்கும். நீங்கள் கேட்பது அவருக்கும் நல்லதாக முடியலாம்.

பொதுவானவர் யாரும் இல்லையென்றால் நேரடி அழைப்புதான். லிங்க்ட்இன் இலவசக் கணக்கில் மாதத்துக்குச் சில அழைப்புகளில் மட்டுமே குறிப்பு சேர்க்க முடியும், அதுவும் சில வரிகளுக்குள். ஆகவே யாருக்குச் செலவிடுவது என்று பார்த்துச் செலவிடுங்கள். ஒரு நிகழ்ச்சியில் அவர் பேசியதைக் கேட்டிருந்தால் அதை எழுதுங்கள்; அது ஒன்றே போதும்.

படி 5: எந்த வாசலில் தட்டுவது

வாட்ஸ்அப்பில் இங்கே தொழிலே நடக்கிறது. குத்தகைக்காரர் விலைப்புள்ளி அனுப்புவதிலிருந்து மேலாளர் விடுப்பை ஒப்புக்கொள்வது வரை. ஆனாலும் எண் கிடைத்துவிட்டது என்பதாலேயே அதில் இறங்கிவிடக் கூடாது. லிங்க்ட்இன்னில் பேசியவர் தானாக எண்ணைக் கொடுக்கும்வரை பொறுங்கள். ‘ஹாய்’ என்று மட்டும் அனுப்பிவிட்டு எதிர்முனை பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. விஷயத்தை அதே செய்தியில் சொல்லிவிடுங்கள். முன்னறிவிப்பில்லாத அழைப்பும், இரண்டு நிமிடக் குரல்செய்தியும் அரைகுறையாகத் தெரிந்தவருக்கு வேண்டாம். அவர் எம்ஆர்டியில் நின்றுகொண்டிருப்பார். எழுத்துப்பிழையோடு அனுப்பிவிட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்பப் பெறும் நேரத்தை அமைப்புகளில் 30 விநாடி வரை நீட்டி வைக்கலாம்; தவறான ஆளுக்குப் போகவிருந்த மின்னஞ்சலைப் பிடித்து நிறுத்த அது போதும்.

டெலிகிராமில் துறைசார்ந்த குழுக்கள் நிறைய. சேரும் முன் தனியுரிமை அமைப்பில் உங்கள் தொலைபேசி எண்ணை யாரும் பார்க்காதபடி மாற்றிவிடுங்கள்.

மின்னஞ்சல் பழசு என்று ஒதுக்காதீர்கள். தன்விவரக் குறிப்பு, விலைப்புள்ளி, நன்றிக் கடிதம் போன்று பிறகு தேடி எடுக்க வேண்டியவை எல்லாம் மின்னஞ்சலில்தான் போக வேண்டும். தலைப்பு வரியிலேயே விஷயம் தெரியட்டும். சென்னை, பெங்களூரு ஆட்களோடு பேசுபவர்கள் நாம் அவர்களைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம். காலை 9 மணிக்கு இங்கிருந்து ‘அவசரம்’ என்று அனுப்பினால் அங்கே ஆறரை. ஜிமெயில், அவுட்லுக் இரண்டிலும் நேரம் குறித்து அனுப்பும் வசதி இருக்கிறது.

இன்னொன்று. அலுவலகக் குழு உரையாடலில் இரண்டு தமிழர்கள் தமிழில் பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் வெளியே நிற்பது போல ஆகிவிடும். அதைத் தனி உரையாடலுக்குக் கொண்டுபோங்கள்.

படி 6: காணொளிச் சந்திப்பு

ஸூம் இலவசக் கணக்கில் ஒரு சந்திப்பு 40 நிமிடம்தான் ஓடும். கூகிள் மீட்டில் மூன்று பேர் அல்லது அதற்கு மேல் என்றால் 60 நிமிடம். 20 நிமிடப் பேச்சுக்கு இரண்டும் தாராளம். திரையில் உங்கள் பெயர் ‘அம்மா ஐபேட்’ என்று தெரிகிறதா என்று முந்தைய நாளே பாருங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டிலிருந்து பேசுபவர்களுக்குப் பெரிய எதிரி மேல்மாடிப் புதுப்பிப்பு வேலை. சுவர் உடைப்பது போன்ற இரைச்சலான வேலைகளுக்கு வாரநாட்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் அனுமதி. மின்தூக்கி அருகே ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பார்த்துவிட்டு நேரத்தை முடிவு செய்யலாம். அல்லது பக்கத்து நூலகம், சமூக மன்றம்.

படி 7: திரையிலிருந்து கோப்பிக்கு

எத்தனை செய்தி பரிமாறினாலும் ஒருமுறை நேரில் உட்கார்ந்து பேசியதற்கு ஈடில்லை. சிங்கப்பூரின் பெரிய வசதியே இதுதான்: யாராக இருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆகவே இணையத்தில் நன்றாகப் போகும் ஒவ்வொரு பேச்சையும் கடைசியில் ஒரு கோப்பிக்குக் கொண்டுவாருங்கள்.

அவர் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இடம் சொல்லுங்கள், உங்களுக்கு வசதியான இடத்தை அல்ல. ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் என்றால் லாவ் பா சாட், அல்லது அமோய் ஸ்திரீட் உணவங்காடி நிலையம். 12.30க்குப் போனால் உட்கார இடம் இருக்காது, 11.30 அல்லது 2 மணிக்கு மேல் கேளுங்கள், இல்லையென்றால் பேச்சில் பாதி நேரம் டிஷ்யூ பாக்கெட் வைத்து மேசை பிடிப்பதிலேயே போய்விடும். ஹலால் உணவும் சைவமும் கிடைக்கும் இடமாக இருந்தால் எதிரே வருபவரிடம் கேட்டுக் குடைய வேண்டியதில்லை. அழைத்தவர்தான் பணம் கொடுக்க வேண்டும். பாலும் சர்க்கரையும் இல்லாத இரண்டு கோப்பி ஓ கோசோங்குக்கு யாரும் ஏழையாகிவிட மாட்டோம். சொன்ன அரை மணி நேரத்தில் நீங்களே எழுந்துவிடுங்கள்; அவர் இன்னும் பேச விரும்பினால் உட்காரச் சொல்வார்.

அன்று மாலையே நன்றி எழுதுங்கள், அவர் சொன்ன ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டு. இரண்டு மூன்று மாதம் கழித்து அதை என்ன செய்தீர்கள் என்று இன்னொரு வரி. பெரும்பாலானவர்கள் முதல் நன்றியோடு நிறுத்திவிடுவார்கள். இரண்டாவது கடிதத்தில்தான் நீங்கள் மனதில் பதிவீர்கள்.

புதியவர்களைச் சந்திக்க நிகழ்ச்சிகள் வேண்டும். மீட்டப், ஈவென்ட்பிரைட், லூமா ஆகிய தளங்களில் சிங்கப்பூர் என்று தேடினால் வாரம் தவறாமல் ஏதாவது இருக்கும். நம்மவர்கள் மத்தியில் என்றால் 1924இல் இந்திய வணிகர் சங்கமாகத் தொடங்கிய இந்திய வர்த்தகத் தொழிற்சபை, 1991இலிருந்து இயங்கும் சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்), ஊர்க் கல்லூரிகளின் முன்னாள் மாணவர் சங்கக் கிளைகள், பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகள். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் பட்டிமன்றம் கேட்கப் போன இடத்தில் வங்கி அதிகாரியும் கப்பல்பட்டறைப் பொறியாளரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருப்பார்கள்; தொழில் சந்திப்பு என்று பெயரிட்ட எந்தக் கூட்டத்திலும் அந்தக் கலவை கிடைக்காது. போன இடத்தில் அட்டையை நீட்டுவதற்குப் பதில் லிங்க்ட்இன் செயலியில் உள்ள கியூஆர் குறியைக் காட்டலாம். வீட்டுக்கு வருவதற்குள், ரயிலிலேயே, யார் எவர் என்று ஷீட்டில் குறித்துவிடுங்கள்.

தமிழ்க் குழுக்களில் காப்புறுதி முகவர்களாலும் சொத்து முகவர்களாலும் பட்ட பாட்டில், எண் கொடுக்கவே பலர் பயப்படுகிறார்கள். உங்கள் தொழிலும் விற்பனை என்றால், கிடைத்த எண்களுக்கெல்லாம் விளம்பரம் அனுப்பும் முன், விளம்பரம் வேண்டாம் என்று பதிந்தவர்களின் எண்கள் உள்ள ‘அழைக்க வேண்டாம்’ பதிவேட்டைச் சரிபார்க்க வேண்டும். 2014இலிருந்து அது சட்டம்.

படி 8: பதிவு எழுதுவதும் எழுதாமல் இருப்பதும்

வாரம் ஒரு பதிவு போட்டே ஆக வேண்டும் என்று ஆலோசகர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. முப்பது பேரின் பதிவுகளுக்குக் கீழே மாதம் நாலைந்து உருப்படியான கருத்து எழுதினாலே உங்கள் பெயர் அவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும். ‘வாழ்த்துகள்’ என்பது உருப்படியான கருத்து இல்லை. ‘எங்கள் தளத்தில் இதே வால்வுப் பிரச்சினை வந்தது, உங்கள் தீர்வு வேறு மாதிரி இருக்கிறதே’ என்பது கருத்து.

சொந்தமாக எழுதினால் நீங்கள் தீர்த்த ஒரு சிக்கலை எழுதுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் எழுதி வாங்கிய பதிவு இரண்டாவது வரியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். இலக்கணத்தை அதனிடம் சரிபார்க்கலாம், சரக்கு உங்களுடையதாக இருக்கட்டும்.

எழுதக் கூடாதது இன்னும் முக்கியம். பெட்ரோகெமிக்கல் ஆலைகள் உள்ள ஜூரோங் தீவு பாதுகாக்கப்பட்ட இடம், உள்ளே போகவே அனுமதிச் சீட்டு வேண்டும். அங்கே தலைக்கவசத்தோடு எடுத்த படத்தைப் பெருமையாகப் போடத் தோன்றும், வேண்டாம். பாதுகாக்கப்பட்ட இடங்களை அனுமதியின்றிப் படமெடுப்பது சட்டப்படி குற்றமாகலாம். வங்கி ஊழியர்களும் அரசாங்க ஊழியர்களும் தங்கள் அமைப்பின் சமூக ஊடக விதியை ஒருமுறை படித்துவிட்டு எழுதட்டும்.

படி 9: ஆள்சேர்ப்பவர் உண்மையானவரா?

தொடர்புகளைத் திறந்து வைத்தால் மோசடிக்காரர்களும் வருவார்கள். சிங்கப்பூரில் வேலைவாய்ப்பு நிறுவனம் நடத்த மனிதவள அமைச்சின் உரிமம் வேண்டும். அதில் வேலை பார்ப்பவருக்கு ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். விளம்பரத்தில் இரண்டும் இருக்க வேண்டும். அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள பட்டியலில் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம். எண் கேட்டதும் பேச்சை மாற்றுபவரை அங்கேயே விட்டுவிடுங்கள்.

வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ வந்து, காணொளிகளுக்கு விருப்பக்குறி போட்டால் பணம் என்பவர்கள் முதலில் சில வெள்ளியைக் கொடுத்துவிட்டுப் பிறகு முன்பணம் கேட்பார்கள். சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்புக்கான ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799. அரசாங்க இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கான சிங்பாஸ் விவரத்தை எந்த ஆள்சேர்ப்பவருக்கும் கொடுக்க வேண்டியதே இல்லை. தன்விவரக் குறிப்பில் அடையாள அட்டை எண்ணையும் போடாதீர்கள். சட்டத் தேவை இல்லாத இடங்களில் நிறுவனங்கள் அதைக் கேட்டு வாங்குவதற்கு 2019 செப்டம்பரிலிருந்தே கட்டுப்பாடு இருக்கிறது.

வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தம்பிகளுக்குத் தனியாக ஒன்று. இங்குள்ள வேலைவாய்ப்பு முகவர் உங்களிடம் வாங்கக்கூடிய கட்டணம், ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். அதற்கு மேல் கேட்டாலும், ரசீது தர மறுத்தாலும் பணம் கொடுக்கும் முன் அமைச்சிடம் கேளுங்கள். வேலை தருவதற்காக முதலாளியே பணம் வாங்குவது குற்றம்.

படி 10: வேலையை விடும் வாரம்

ராஜினாமா கொடுத்த பிறகு கணக்கு முடிப்பது, பொருட்களை ஒப்படைப்பது என்று ஓடுவதில் இது விட்டுப்போகும். கடைசி நாள் மாலை அலுவலக மின்னஞ்சல் அடைக்கப்பட்டுவிடும். அதற்கு ஒரு வாரம் முன்பே, மின்னஞ்சலில் மட்டும் பழகியவர்களை லிங்க்ட்இன்னில் இணைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் பக்கத்து ஒருங்கிணைப்பாளர், கிடங்கு மேற்பார்வையாளர், இன்னொரு கிளையின் கணக்கர் எல்லாரையும். வாடிக்கையாளர் பட்டியலைக் கோப்பாக எடுத்துக்கொண்டு போவது வேறு விஷயம். அது ஒப்பந்த மீறல், அதைத் தொடாதீர்கள். விடைபெறும் மின்னஞ்சலில் சொந்த முகவரியைக் கொடுங்கள், எல்லாருக்கும் போகும் கடிதத்தில் குறைகளைக் கொட்ட வேண்டாம். உங்களோடு நன்றாக வேலை பார்த்த இரண்டு பேருக்கு, அவர்கள் கேட்காமலேயே லிங்க்ட்இன்னில் பரிந்துரை எழுதிக் கொடுங்கள். அப்புறம், லிங்க்ட்இன் கணக்கையே அலுவலக மின்னஞ்சலில் திறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படியானால் சொந்த முகவரியைச் சேர்த்து, அதை முதன்மை முகவரியாக மாற்றி, கடவுச்சொல் மீட்புச் செய்தி அதற்கு வருகிறதா என்று வெள்ளிக்கிழமைக்குள் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.